தொப்பூர் கணவாயில் ரோடு இல்லை

காவாந்தண்டலத்து அருள்தாஸுக்குத் தெரிந்த ஒரே தொழில் லாரி ஓட்டுவது. கிளீனராக ஏறியபோது மீசை முளைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபோது கல்யாணம் ஆகவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் நேஷனல் பெர்மிட் வண்டி. இங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு போவார், அங்கிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருவார். மகள் ஷாரோன் பிறந்த சேதி நாக்பூர் தாண்டி ஒரு டாபாவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. அவர் வீடு வந்து சேர்ந்தபோது குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தது.

சோலாப்பூர் பக்கம் ஒரு நாள் வண்டியின் ஸ்பிரிங் பட்டை உடைந்தது. ரோட்டோரம் படுத்துச் சுத்தியலால் அடித்தபோது இரும்புத் துணுக்கு ஒன்று தெறித்து இடது கண்ணில் பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சரக்கை இறக்கிவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. பெரிய வண்டி லைசென்ஸைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். வலது கண்ணை மூடியதும் அவர் சும்மா நின்றார்.

ஷாரோன் அப்போதுதான் வேலூரில் நர்சிங் சேர்ந்திருந்தாள். மனைவி மேரி குவைத்துக்குக் கிளம்பினாள். அங்கே ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் வயசான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் உள்ளே போவதற்கு முன்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இத்தினி வருசம் நீ போன, நான் வூட்ல இருந்தேன். இப்ப நான் போறேன், நீ இரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அருள்தாஸும் சிரித்தார்.

உத்திரமேரூர் தாண்டி ஒரு கல் குவாரியில் எடைமேடை வேலை கிடைத்தது. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் மேடையில் ஏறி நிற்கும். எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விடும். நாள் முழுக்க அந்த வண்டிகளின் சத்தம் காதில் இருக்கும். சாயங்காலம் மொபெட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு சத்தமும் இருக்காது. ஒருத்தருக்குச் சோறு வடிப்பது அவருக்குக் கடைசிவரை பழகவில்லை. எப்படி அளந்து போட்டாலும் மிஞ்சியது. பக்கத்து வீடுகளில் நல்ல மனுஷர்கள்தான். ஆனால் இருபது வருஷமாக ஊரில் இல்லாதவனிடம் அவர்கள் எதைப் பேசுவார்கள்? "இன்னாண்ணா, சாப்ட்டியா?" என்பார்கள். "ஆச்சிப்பா" என்பார். அதோடு சரி.

*

ஷாரோனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் கெட்டுப்போனதால்தான் அருள்தாஸ் வினோத்குமார் கடைக்குப் போனார். உத்திரமேரூர் பஜாரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. வினோத்துக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். அந்த இடம் பிரவுசிங் சென்டராக இருந்த காலத்திலிருந்தே அவனுக்கு கேம் பைத்தியம். ரிப்பேருக்கு வந்த ஒரு பெரிய கம்ப்யூட்டரில் அன்றைக்கு எதையோ ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். அருள்தாஸ் கண்ணில் முதலில் பட்டது ஒரு லாரியின் முகப்பு. கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கியது. முன்னால் ரோடு.

"இன்னா நைனா இது, சினிமாவா?"

"கேம்ணா. நேஷனல் பெர்மிட்னு பேரு. புனே பக்கம் யாரோ நாலஞ்சி பசங்க சேந்து பண்ணது. ஓட்டிப் பாக்கிறியா?"

"எனக்கின்னாத்துக்குப்பா வெளையாட்டு..."

"சும்மா குந்துணா."

உட்கார்ந்தார். மேஜை மேல் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங். வண்டியைக் கிளப்பியதும் அவர் இடது கால் தானாகக் கீழே இறங்கி, அங்கே இல்லாத கிளட்சைத் தேடி டைல்ஸ் தரையை மிதித்தது. வினோத் பார்த்தும் சிரிக்கவில்லை. லோடு வண்டி. மேடு வந்தபோது என்ஜின் முக்கியது. கியரைக் குறைத்ததும் மூச்சு விட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. இதைச் செய்தவர்களில் ஒருத்தனாவது லாரிக்காரன் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொன்றும் அவருக்குப் புரிந்தது. கண் போன நாளிலிருந்து படி இறங்கினாலும் தம்ளரில் தண்ணீர் ஊற்றினாலும் தூரம் சரியாகப் பிடிபடுவதில்லை. இந்தத் திரையில் அந்தத் தொல்லை இல்லை. அது தட்டையாக இருந்தது. ரெண்டு கண் இருப்பவனுக்கும் ஒற்றைக் கண்ணனுக்கும் அங்கே ஒரே பார்வைதான்.

ஷாரோனின் லேப்டாப்பில் அந்த கேம் ஓடாது என்று வினோத் சொன்னான். பழைய பெரிய கம்ப்யூட்டர் ஒன்றையும், யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஸ்டியரிங்கையும், மூன்று பெடல்களையும் வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். ஃபோனில் கேட்ட ஷாரோன், "அப்பா, நீயா கேம் ஆட்ற?" என்று சிரித்து, ஹாஸ்டலில் எல்லாருக்கும் சொன்னாள்.

சாயங்காலங்கள் மாறிப்போயின. அந்த விளையாட்டில் இன்டர்நெட் வழியாக ஊர் ஊராக ஆட்கள் தங்கள் வண்டிகளை ஓட்டிக்கொண்டு வருவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்து வண்டிக்காரரோடு பேசலாம். திருநெல்வேலியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் ராஜாராம் அப்படித்தான் பழக்கமானார். நிஜத்தில் ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டாதவர். நாமக்கல் கனகாவின் அப்பாவுக்குச் சொந்தமாகவே லாரிகள் இருந்தன. ஆனால் வீட்டில் அவளை ஸ்டியரிங் பக்கம் அண்டவிட்டதில்லை. மூன்று வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். கனகா முன்னால், ராஜாராம் நடுவில், அருள்தாஸ் கடைசி.

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது மட்டும் அவர் முன்னால் போவார். "என் பின்னாடியே வாங்க. கியர்லயே எறக்குங்க, நியூட்ரல்ல உடாதீங்க" என்பார். கீழே இறங்கியதும் ஒரு டீக்கடை. அங்கே வண்டிகளை வரிசையாக நிறுத்திவிட்டு, என்ஜினை அணைத்துவிட்டுப் பேசுவார்கள். அந்தக் கடை ஓரத்தில் ஒரு குழாய் இருந்தது. சரியாக மூடாமல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். விளையாட்டுக்கு அது எதற்கும் உதவாது. செய்தவன் ஏதோ ஒரு டீக்கடையில் அதைப் பார்த்திருக்கிறான், வைத்திருக்கிறான். அருள்தாஸுக்கு அந்த ஆளை நேரில் பார்க்க வேண்டும்போல இருக்கும்.

"அண்ணாச்சி, நெசத்துல இங்கன டீ எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் ராஜாராம் கேட்டார்.

"சக்கர தூக்கலா இருக்கும். தூக்கம் வரக்கூடாதுன்னு அப்டித்தான் போடுவான்."

அதைச் சொல்லிவிட்டு, தான் கடைசியாக ஒருத்தருக்கு எதையாவது விவரித்துச் சொன்னது எப்போது என்று யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

*

ரெண்டு வருஷம் அப்படிப் போனது. பிறகு வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று நேஷனல் பெர்மிட்டை விலைக்கு வாங்கிவிட்டதாகச் சேதி வந்தது. கனகா ஒரு விளம்பரப் படத்தை அனுப்பினாள். மழையில் நனைந்த ரோடு, அதில் விளக்குகளின் நிழல், காஷ்மீர் வரைக்கும் சாலைகள். இரண்டாம் பாகம் வருகிறதாம். முன்கூட்டியே பணம் கட்டிப் பதிவு செய்தவர்களுக்கு முதல் நாளே கிடைக்குமாம். மூன்று பேருமே கட்டினார்கள். காஷ்மீருக்கு அருள்தாஸ் ஒரே ஒரு தடவை ஆப்பிள் ஏற்றப் போயிருக்கிறார். அந்தக் குளிரை எப்படிக் காட்டுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது.

புதுசு வந்த அன்றைக்கே பழசை மூடிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தானாகப் பழையதை அழித்து அதன் இடத்தில் புதியதை ஏற்றிக்கொண்டது.

திறந்ததும் முதலில் வந்தது கடை. வண்டிக்குப் பெயிண்ட், கண்ணாடிக்குக் குஞ்சம், திருஷ்டி பொம்மை, விதவிதமான ஹாரன். ஒவ்வொன்றுக்கும் தனி விலை. முன்பெல்லாம் இவை வண்டியோடு வந்தவை. கடையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தார். மழை பெய்தது, ரோடு நனையவில்லை. முழு லோடு ஏற்றிய வண்டியும் காலி வண்டியும் ஒரே மாதிரி பறந்தன. மேடு ஏறும்போது என்ஜின் முக்கவில்லை. மிக்ஸி ஓடுவதுபோல ஒரே சத்தம். டீக்கடை இருந்த இடத்தில் கூல்டிரிங்க்ஸ் விளம்பரப் பலகை நின்றது.

அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ராஜாராம்... கனகா..." என்று கூப்பிட்டார். பதில் இல்லை. பேசும் வசதி விரைவில் வரும் என்று திரையின் மூலையில் ஒரு வரி ஓடியது. ராஜாராமின் வண்டி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அருள்தாஸ் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அந்த வண்டியும் அணைத்து அணைத்துப் போட்டது. ரெண்டு ஊமைகள்போல அப்படியே தர்மபுரி வரைக்கும் போனார்கள்.

தொப்பூர் இறக்கத்தில் வழக்கம்போல அவர் முன்னால் போனார். ரெண்டாவது வளைவு திரும்பியதும் ரோடு இல்லை. இடிந்து கிடக்கவும் இல்லை, உடைந்து கிடக்கவும் இல்லை. ரோடு என்பதே அங்கே இல்லை. வண்டி நீலமாக எதற்குள்ளோ விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. அவர் பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதித்தார். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டது. அத்தனை வருஷத்தில் நிஜமான தொப்பூரில் அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

ஃபோன் வந்தது. கனகா.

"அண்ணா, எனக்கும் அங்கதானுங்க விழுந்துச்சு. ராஜாராம் சாரும் விழுந்துட்டாருங்க."

"அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்தது. "இல்லீங்கண்ணா" என்றாள் கனகா.

வினோத்தை விட்டு இங்கிலீஷில் புகார் எழுதச் சொன்னார். அனுப்பிய கையோடு பதில் வந்தது. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், அழித்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். அப்படியே செய்தார்கள். ரோடு வரவில்லை. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் அதே பதில், ஒரு எழுத்து மாறாமல்.

"படிச்சாத்தானணா வேற பதில் போடுவான்? மெஷின் போட்றது" என்றான் வினோத். அவனும் பணம் கட்டி ஏமாந்தவன்தான். "முன்ன ஒரு கேம் வந்துச்சின்னா முழுசா முடிச்சி, தட்டிப் பாத்து, அப்புறம்தான் டிஸ்க்ல போட்டு விப்பான். தப்பு இருந்தா மானம் பூடும்னு ஒரு பயம் இருந்துச்சி. இப்ப அர வேக்காட்ட எலைல வெச்சிட்டு, துன்னுக்கினே இரு, வெந்துக்கினே இருக்கும்ன்றான். அதுக்கும் காசு முன்னாடியே வாங்கிக்கிறான். நம்மளும் குட்த்துட்டு குந்திக்கினு கீறோம்."

"அந்தப் பசங்க இன்னா ஆனாங்க? புனேக்காரப் பசங்க?"

"அவங்கள எப்பவோ வூட்டுக்கு அனுப்பிட்டானுங்களாம். பேரத்தான் வாங்கினானுங்க. ஆளுங்கள வெச்சிக்கல."

அருள்தாஸ் மொபெட்டை ஓட்டிக்கொண்டு வந்தபோது அந்தச் சொட்டுக் குழாயை வைத்தவனைப் பற்றி நினைத்துக்கொண்டே வந்தார். அவனும் இப்போது ஏதாவது ஒரு எடைமேடையில் உட்கார்ந்திருக்கிறானோ என்னவோ.

*

மறியல் யோசனை அருள்தாஸுடையதுதான். மூன்று பேரும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது ராஜாராம், "நாம என்னத்த செய்ய முடியும் அண்ணாச்சி? அவன் எங்கயோ இருக்கான்" என்றார்.

"ரோட்ல பேஜார்னா நாங்க இன்னா பண்ணுவோம் தெரியுமா? வண்டிய குறுக்க உட்டுட்டு எறங்கிடுவோம். டீசலுக்குப் பண்ணிக்கீறோம், போலீஸ் மாமூலுக்குப் பண்ணிக்கீறோம். இதுக்குப் பண்ணக்கூடாதா?"

கனகாவுக்குப் பிடித்துப்போயிற்று. விளையாடுபவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் அவளே எழுதிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கிருஷ்ணகிரி டோல்கேட்.

அருள்தாஸ் கோயிலுக்குப் போய்வந்து, சாப்பிட்டு, சவரம் செய்துகொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முதலில் மூன்றே வண்டிகள்தான் டோல்கேட்டில் குறுக்கே நின்றன. பின்னால் வந்த ஒருத்தன் முட்டிப் பார்த்துவிட்டு நின்றான். போய்விடுவான் என்று நினைத்தார். அவன் வண்டியைத் திருப்பி இவர்கள் வண்டியோடு சேர்த்து நிறுத்தினான். பெயரைப் பார்த்தால் பஞ்சாபி. அடுத்தது மராட்டிக்காரன். அப்புறம் எண்ண முடியவில்லை. ரோடு முழுக்க, எதிர்ப்பக்கமும், மலைச்சரிவு வரைக்கும் லாரிகள். பேச முடியாது, அதனால் எல்லோரும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார்கள். காசு கொடுத்து ஹாரன் வாங்கியிருந்தவர்கள் அடித்தார்கள். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் வந்து வீட்டை நிறைத்தது.

அருள்தாஸ் எழுந்து நின்று லுங்கியை மடித்துக் கட்டினார். பூந்தமல்லி ரோட்டில் ஒரு ஸ்டிரைக்கின்போது, வரிசையாக நின்ற வண்டிகளின் நடுவே எல்லோரும் ஒரே சட்டியிலிருந்து சாம்பார் சாதம் வாங்கித் தின்றது ஞாபகம் வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வாசலுக்கு வந்தார். எதிர் வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பெண் வெளியே வந்து துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளிடம் என்னவென்று சொல்வது? திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் விளக்கைப் போட்டு அணைத்தார்.

மறுநாள் குவாரியிலிருந்து வந்து திறந்தபோது அவர் பெயருக்கு மேல் சிவப்பாக ஒரு கட்டம் இருந்தது. வினோத்துக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவன் ஃபோனில் படித்துச் சொன்னான். மற்றவர்களின் விளையாட்டுக்கு இடையூறு செய்ததால் உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. பழசில் ரெண்டு வருஷம் ஓட்டிச் சேர்த்ததும் அதே கணக்கில்தான் இருந்தது. எல்லாம் அதோடு போயிற்று.

"வேற பேர்ல புச்சா ஒண்ணு போட்டுக்கலாம்ணா. அஞ்சி நிமிச வேல" என்றான் வினோத்.

"வேற பேர்ல ஓட்றதுக்கு நான் இன்னா திருட்டு வண்டியா ஓட்னேன்?"

கனகாவின் கணக்கும் மூடப்பட்டிருந்தது. ராஜாராமுடையது தப்பியது. வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டதால் அன்றைக்கு அவர் பாதியிலேயே கிளம்பியிருந்தார். "நானும் வெளிய வந்திருதேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு இல்லாதது எனக்கு என்னத்துக்கு?" என்று அவர் சொன்னபோது, அருள்தாஸ்தான் தேற்றினார். "அட, நீ ஓட்டுப்பா. வண்டி நின்னா உனுக்குத்தான் நஷ்டம்."

ஒன்றிரண்டு மாதத்தில் கம்பெனி ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. கூட்டம் திரும்ப வந்தது. பேசும் வசதியும் வந்தது. "தொப்பூர்ல ரோடு போட்டுட்டாவ அண்ணாச்சி!" என்று ராஜாராம் கூப்பிட்டுச் சொன்னார். பின்னால் வேறு யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கேமில் புதிதாகச் சேர்ந்த கூட்டாளிகள். தினமும் வந்த ஃபோன் வாரத்துக்கு ஒன்றாயிற்று. அப்புறம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்துப் படம் ஒன்று வந்தது. அருள்தாஸ் அவரைக் குறையாக நினைக்கவில்லை. ரோட்டில் பழகியவர்கள் எல்லோரும் அப்படித்தான். ஒரு டாபாவில் தோளில் கை போட்டுக்கொண்டு சாப்பிட்டவனை மறுபடி வாழ்நாளில் பார்க்க மாட்டோம்.

கனகா ஒருநாள் படம் அனுப்பியிருந்தாள். ஷெட்டில் நிற்கும் நிஜ லாரியின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் சேர அவள் அப்பா சம்மதித்துவிட்டாராம். ஃபோன் செய்து, "கிளட்ச் இத்தன கனமா இருக்கும்னு நீங்க சொல்லவே இல்லீங்களேண்ணா, கால் வீங்கிப்போச்சுங்க" என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு மாசம் ஆவும்மா, அப்புறம் காலுக்கே தெரியாது" என்றார். ஃபோனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. வடித்த சோறு அன்றைக்கும் மிஞ்சியது. அதற்கப்புறம் கனகாவுக்கும் கூப்பிட நேரமில்லை.

*

மேரிக்கு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் ஓய்வு. அந்த நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள். வழக்கமாகச் சாப்பாடு, ஷாரோன், மாத்திரை, இவ்வளவுதான் பேச்சு. மறியல் கதையை முன்பே சொல்லியிருந்தார். "அங்கயும் போயி சண்டையா?" என்று அவள் சிரித்தாள்.

அந்த வீட்டுக்காரர்கள் வேலையை இன்னும் ரெண்டு வருஷம் நீட்டித்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அதற்குள் ஷாரோனின் படிப்பும் முடிந்துவிடும் என்று அந்த வெள்ளிக்கிழமை மேரி சொன்னாள். அருள்தாஸ் சரியென்றார்.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார். "நான் வண்டியோட லைனுக்குப் போனப்ப எல்லாம் நீ சாய்ங்காலத்துல இன்னா பண்ணுவ?"

"இன்னா பண்றது? கொயந்த இருந்தா."

"கொயந்த தூங்கிட்டா?"

மேரி யோசித்தாள். "வெளக்க சீக்கிரம் போட மாட்டேன்" என்றாள். "போட்டா வூடு முய்க்கத் தெரியும். நான் ஒருத்தியா கீறது தெரியும். இருட்டா இருந்தா நீ உள்ள எங்கயோ பட்த்துக்கினு கீறன்னு நெனச்சிக்குவேன்."

அத்தனை வருஷமும் டாபாவிலிருந்து ஃபோன் செய்து, "நாக்பூர் வந்துட்டேன், சரி வெச்சிடறேன்" என்று வைத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்திருப்பாளோ என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை.

"ஏன் கேக்குற?" என்றாள் மேரி.

"சும்மாதான்."

அடுத்த வாரம் வினோத் கடை வழியாகப் போனபோது அவன் கூப்பிட்டான். "ணா, அந்த பயைய கேம ஒரு ஹார்ட் டிஸ்க்ல காப்பி எட்த்து வெச்சிருந்தேன், மறந்தே பூட்டேன். நெட்டப் புடுங்கிட்டு போட்டா ஓடுது. ஆனா வேற வண்டி எதுவும் வராது. நீ மட்டும்தான்."

அவன் வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அருள்தாஸ் தனியாக ஒரு நடை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் அப்படியே இருந்தது. மேட்டில் என்ஜின் முக்கியது. தொப்பூரில் ரோடு இருந்தது. டீக்கடைக்கு முன்னால் நிறுத்தி என்ஜினை அணைத்தார். குழாய் சொட்டியது. பெரிய காலி மைதானம்போல் இருந்த அந்த இடத்தில் அவர் வண்டி மட்டும் நின்றது. ரொம்ப நேரம் இருக்க முடியவில்லை. மூடிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மேரி கூப்பிட்டபோது சட்டென்று தோன்றியது. "நான் ஓட்ன ரோட்ட நீ பாத்ததே இல்லியே?"

"நான் எங்க பாத்தேன்? செங்கல்பட்டத் தாண்டி நீ என்ன எங்க இட்டுக்கினு போன?"

"இரு."

ஃபோனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து, திரை தெரிகிற மாதிரி வைத்தார். வண்டியைக் கிளப்பினார். கிருஷ்ணகிரி தாண்டியதும், "இந்தாண்ட ஒரு கட கீதே, இங்கதான் எப்பவும் நாஷ்டா" என்றார். "இது ஓசூர் ஏத்தம். இங்க ஒரு தபா பிரேக் சூடாயி பொக வந்திச்சி." மேரி கேள்வி கேட்டாள். அது என்ன மரம், இந்த ஊர்க்காரர்கள் என்ன பேசுவார்கள், மழை வந்தால் எங்கே படுப்பீர்கள். முன்பு வீட்டுக்கு வந்த நாட்களில் இதையெல்லாம் அவள் கேட்டிருக்கலாம். அவர் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்.

அப்படியே சில வெள்ளிக்கிழமைகள் போயின. ஹைதராபாத் தாண்டி, ஆதிலாபாத் காடு தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் நாக்பூரைத் தாண்டியதும், "ஷாரோன் பொறந்தான்னு சேதி வந்த டாபா இந்தப் பக்கம்தான் கீது, வருது பாரு" என்றார். பதில் வரவில்லை. வலது கண்ணை லேசாகத் திருப்பி ஃபோனைப் பார்த்தார். மேரி கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வாரம் முழுக்க ஒரு கிழவியைப் புரட்டிப் படுக்கவைத்த கைகள் மடியில் கிடந்தன.

அவர் ஃபோனை வைக்கவில்லை. ஹாரன் அடிக்காமல், கியர் மாற்றும் சத்தம் பெரிதாகக் கேட்காமல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினார். டாபா வந்தது, போனது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியும் இல்லை.